அவசரப் பணியாரம் வழக்கு

பலகணி நாடு என்று ஒரு நாடு. அது எந்தக் கடலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். வரைபடத்தை அரண்மனையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் செய்தி சொல்வது கிளிகளின் வேலை. காலையில் ஒரு கிளி உங்கள் ஜன்னலில் வந்து உட்காரும். "சகலமானவர்களுக்கும் வணக்கம்" என்று தொடங்கி, மன்னர் நேற்று என்ன சாப்பிட்டார், பக்கத்து நாட்டில் எத்தனை பேர் பட்டினி என்பதுவரை சொல்லிவிட்டுப் பறந்துவிடும். மொத்தம் நாலாயிரம் கிளிகள். அத்தனைக்கும் ஒரே சொந்தக்காரர், தத்தையப்பர்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் உண்டு. தேர்தலன்று கிளிகள் யார் பெயரை அதிகம் சொல்கின்றனவோ அவரே மன்னர். கடந்த மூன்று முறையும் ஒருவரே வந்தார். மூன்று முறையும் கிளிகளுக்குக் கொய்யாப்பழம் அரண்மனைத் தோட்டத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கிளிகளே சொல்லின.

மாலையில் அதே கிளிகள் தொடர்கதை சொல்லும். அதை எழுதியவன் நான். குடும்பக் கதை, நடுநடுவே காதல். "எங்க வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்து எழுதறீங்களா?" என்று பெண்கள் கேட்பார்கள். "மனித மனத்தைப் படிக்கிறேன், அவ்வளவுதான்" என்பேன். அப்போது சற்றே பக்கவாட்டில் திரும்பி நிற்பேன். அப்படி நின்றால்தான் என் மூக்கு அறிவாளியின் மூக்குபோலத் தெரியும்.

உண்மையில் தினமும் முற்பகலில் தத்தையப்பரின் கிழட்டுக் கிளி ஒன்று என் மேசைக்கு வரும். "இன்றைய கரு" என்று தொடங்கி, எந்த மாமியார் எதை ஒளித்தாள், எந்தக் கணவன் தூக்கத்தில் எந்தப் பெயரைச் சொன்னான் என்று, பேசியவர்களின் குரலிலேயே ஒப்பிக்கும். நான் எழுதிக்கொள்வேன். கிளிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதில் எனக்கு இயல்பாகவே ஒரு திறமை உண்டு.

மன்னரின் சாப்பாட்டையே கேட்டுச் சலித்த மக்கள் மெல்ல ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்கள். உடனே தலைமை அமைச்சர் நாவினியர் காற்றோட்டச் சட்டம் கொண்டுவந்தார். நாட்டின் எல்லா ஜன்னல் தாழ்ப்பாள்களையும் கழற்றி அரண்மனை வாசலில் ஒப்படைக்க வேண்டும்.

"மக்கள் இதை விரும்பிச் செய்ய வேண்டும், கதாசிரியரே" என்றார் அமைச்சர். "அழுதுகொண்டே விரும்பினாலும் சரி."

நான் எழுதினேன். கதாநாயகி காதலனுக்காகத் தாழ்ப்பாளைப் பிடுங்கித் தெருவில் எறிகிறாள். ஊரே அழுதது. மூன்றே நாளில் அரண்மனை வாசலில் தாழ்ப்பாள்கள் மலையாகக் குவிந்தன. தாழ்ப்பாள் அடித்துப் பிழைத்த கொல்லர்கள் என்ன ஆனார்கள் என்று கிளிகள் சொல்லவில்லை. ஆகவே எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு முற்பகலில், என் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் பூங்கோதை என்றாள். கொல்லர் செங்கோடனின் மனைவி.

"நேத்துக் கதையில வந்த வார்த்தையை எங்கேருந்து எடுத்தீங்க ஐயா?"

"எந்த வார்த்தை அம்மா?"

"அவசரப் பணியாரம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தைய நாள் கதாநாயகன் நாயகியை அப்படிக் கொஞ்சியதில் நாடே கிறங்கிக் கிடந்தது. "கற்பனைதான்" என்றேன், பக்கவாட்டில் திரும்பி.

"கல்யாணமாகி மூணாம் நாள், பணியாரத்தை வேகறதுக்கு முன்னாடியே திருப்பிட்டேன். அன்னிலேருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். வீட்டுக்குள்ள மட்டும். எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நேத்து தெருவே சிரிக்குது. 'யார்கிட்ட சொன்னே?'ன்னு கேட்டார். யார்கிட்டயும் இல்லைன்னேன். நம்பலை. அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டார்." அவள் ஓரடி உள்ளே வந்தாள். "கற்பனைன்னா, உங்க கற்பனைக்கு எங்க அடுப்படியில என்ன வேலை?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிழட்டுக் கிளி வந்து மேசையில் இறங்கியது. விருந்தாளியை அது கவனிக்கவில்லை.

"இன்றைய கரு" என்றது. பிறகு பூங்கோதையின் குரலில், விம்மலோடு, "சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லலைங்க, போகாதீங்க" என்றது.

எத்தனையோ பெண்களை அழவைத்து எழுதியிருக்கிறேன். தன் அழுகையைத் தானே நின்று கேட்கும் பெண்ணின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். அவள் கிளியை ஒரே எட்டில் பிடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அரண்மனைக்குப் போறோம். நீங்களும்தான். அவர் காதுபட நீங்க உண்மையைச் சொல்லணும்."

நாவினியர் புகாரை மிகுந்த கவலையோடு கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்சுபெயர்ப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தார். தம்பதிகள் தங்கள் கொஞ்சுபெயர்களை அரண்மனையில் பதிவு செய்ய வேண்டும். பதியாத பெயர்கள் பொதுச்சொத்து. தம்பதிகள் வரிசையில் நின்றார்கள். "கணவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்? வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள், ஆட்சேபம் இருக்கிறதா பார்க்க வேண்டும்" என்றார் எழுத்தர். அந்த வாரம் பதிவான பெயர்களைவிடப் பேச்சு முறிந்த தம்பதிகள் அதிகம்.

பூங்கோதை பதியவில்லை. தினமும் முந்தானையில் கிளியோடு வந்து அரண்மனைப் படியில் உட்கார்ந்தாள். பத்தாம் நாள் வேறு வழியில்லாமல் மன்னர் முன்னிலையில் சபை கூடியது. கூட்டத்தின் கடைசியில் செங்கோடன் கைகட்டி நின்றிருந்தான்.

தத்தையப்பர் பல்லக்கில் வந்து இறங்கினார். "நான் கிளி வளர்ப்பவன். கிளி எதைக் கேட்கிறது என்பது கிளியின் சொந்த விவகாரம்" என்றார். சபை தலையாட்டியது.

"கதாசிரியரே" என்று அமைச்சர் என் பக்கம் திரும்பினார். "அந்தச் சொல் உம் கற்பனைதானே?"

ஆம் என்றால் தொடர்கதை தொடரும். இல்லை என்றால் ஒரு வீடு தொடரும். பூங்கோதை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துணிந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் தொண்டையைக் கனைத்தேன், மறுபடி கனைத்தேன், பக்கவாட்டில் திரும்பினேன். அதற்குள் முந்தானையிலிருந்து என் குரல் கேட்டது.

"எனக்கு எங்கே கற்பனை வருது? நீ சொன்னாத்தான் எழுதணும். சீக்கிரம் சொல்லு கிளியே, பசிக்குது."

சபை அதிர்ந்து சிரித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு செங்கோடன் வந்து மனைவியின் பக்கத்தில் நின்றான். "என்னைக் கொஞ்சம் அடிச்சுடு" என்றான் தாழ்ந்த குரலில். "வீட்டுக்கு வாங்க, வச்சிருக்கேன்" என்றாள் அவள்.

கிளி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சிரிப்பு அதற்கு உற்சாகமாகிவிட்டது. மன்னரின் குரலில், "தத்தையப்பா, இந்த ஜனங்களுக்குக் கதை போதும்யா, கஞ்சிகூட வேணாம்" என்றது. மன்னர் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். அடுத்து நாவினியரின் குரலில், "மன்னர் தலைக்குள்ள ஒண்ணுமில்லை, கிரீடம் நழுவாம நிக்கறதே பெரிய அதிசயம்" என்றது.

மன்னரின் புன்னகை நின்றது.

"என் குரலைத் திருடிவிட்டான்!" என்று நாவினியர் தத்தையப்பரைக் காட்டி அலறினார். அரைமணியில் தீர்ப்பு வந்தது. அமைச்சர் குரலில் அவதூறு பரப்பிய குற்றத்துக்காகத் தத்தையப்பருக்கு ஆயுள் சிறை. அடுப்படிகளில் ஒட்டுக்கேட்டது குறித்துத் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை, வெடி வெடித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அறிவிப்பு வந்தது. இன்றுமுதல் நாட்டில் கிளிகளே இல்லை. இருப்பவை அரசுப் புறாக்கள். அதே பச்சை, அதே சிவப்பு மூக்கு, அதே கொய்யா. தாழ்ப்பாள்களைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு நாவினியர் பொறுமையாக விளக்கினார்: "தாழ்ப்பாள் எதற்கு? கிளிகளுக்குப் பயந்து. கிளிகள்தான் இல்லையே."

என்னை அரசுப் புறாக் கதாசிரியராக நியமித்தார்கள். இனி சொந்தக் கற்பனையில்தான் எழுதுவேன் என்று சத்தியம் செய்துகொண்டேன். இரண்டு மாதம் காப்பாற்றினேன்.

அந்த இரண்டு மாதம் முடிகிற நாளில் மன்னிப்புக் கேட்கச் செங்கோடன் வீட்டுக்குப் போனேன். இருவரும் வீட்டுக்குள் பேசுவதையே விட்டிருந்தார்கள். அவன் தண்ணீர்க் குடத்தை விரல்முட்டியால் இருமுறை தட்டினான். அடுப்படியிலிருந்த அவள் திரும்பிச் சிரித்தாள். அந்தப் பழைய பெயர்கூட அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

என்னை வழியனுப்ப வாசலுக்கு வந்தபோதுதான் அவள் வாய் திறந்தாள். "இதை மட்டும் எழுதிடாதீங்க ஐயா. எங்ககிட்ட மிச்சமிருக்கறது இது ஒண்ணுதான்."

"சத்தியமா எழுதமாட்டேன் அம்மா."

"இப்போ கதைக்கு என்ன பண்றீங்க?"

"கற்பனைதான்."

"தெரியுது" என்றாள். "அதான் நல்லா இல்லை."

சிரித்துக்கொண்டே வீடு திரும்பினேன். மேசையில் ஓர் அரசுப் புறா, பச்சையாக, காத்திருந்தது.

"இன்றைய கரு" என்றது. பிறகு என் மைக்கூட்டை அலகால் தட்டியது. டொக், டொக்.

அது வெளியே பறந்தால் நாலாயிரம் அலகுகளும் மாலைக்குள் தட்டும். பாய்ந்து ஜன்னலைச் சாத்தினேன். அது மெல்லத் திறந்துகொண்டது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள். அரண்மனை வாசலில் முதல் தாழ்ப்பாளை ஒப்படைத்தவன் நான்தான். அன்று பக்கவாட்டில் திரும்பி நின்றது நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது கையால் ஜன்னலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எழுதுவதும் இந்தக் கைதான்.