மேற்கு வரப்பும் பதினாறு சீட்டும்

கீழப்புன்னையூர்,
மன்னார்குடி வட்டம்.
14.8.2009

அன்பு மகள் செந்தாமரைக்கு உன் அப்பா தங்கையன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, பசு இரண்டு, எல்லோரும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில் மற்றதை எழுதுகிறேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம், போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும்.

பொங்கலுக்கு வந்தபோது நீ வைத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரை உடனே வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. அரசாங்கம் கொடுத்த கலர் டிவியே எனக்குப் போதும்.

நம் மேற்கு வரப்பு வழக்கு உனக்குத் தெரியும். மேற்கிலும் வடக்கிலும் நமக்குப் பக்கத்து வயல்காரனான குஞ்சிதபாதம் வரப்பை நம் பக்கம் தள்ளிவிட்டான் என்று நான் போட்ட கேஸ் பன்னிரண்டு வருஷமாக வாய்தா வாய்தாவாக நடந்தது. போன மாச வாய்தாவில்தான் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எல்லைக்கல் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, மேற்கே என்று சொல்ல வேண்டியவன் கிழக்கே என்று சொல்லித் தொலைத்தேன். வெளியே வந்ததும் நம் வக்கீல் நாகநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "தங்கையன், மீதி விசாரணை அடுத்த மாசம். அதுக்குள்ள ஞாபகசக்திக்கு எதாச்சும் பண்ணுங்க. இல்லேன்னா வயலையும் கிழக்கால தேட வேண்டியதுதான்" என்றார்.

ஒரு வாரம் வல்லாரைக் கீரை தின்றேன். வயிறுதான் கெட்டது. அப்போதுதான், ஞாபகசக்திக்கு நல்லதென்று நீ கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டிய சீட்டு விளையாட்டு நினைவுக்கு வந்தது. பதினாறு சீட்டு கவிழ்ந்து கிடக்கும். ஒன்றைத் தட்டினால் மாம்பழம். இன்னொன்றைத் தட்டினால் குடை. ஜோடி சேரவில்லை என்று இரண்டும் திரும்பக் கவிழ்ந்துகொள்ளும். அடுத்த மாம்பழம் வரும்போது முதல் மாம்பழம் எங்கே இருந்தது என்று யோசித்தால் தலைக்குள் ஒன்றுமே இருக்காது. ஒரு ஆட்டம் முடிக்க எனக்கு ஐம்பது தட்டு, அறுபது தட்டு ஆனது. ஒருநாள் அதிசயமாக முப்பதிலேயே கடைசி ஜோடிக்கு வந்துவிட்டேன், மௌஸைத் தூக்கினேன், கரண்ட் போய்விட்டது.

இதையெல்லாம் உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று, முந்தானையில் கை துடைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "மூணாவது வரிசையில கடைசி. குடை அங்கதான் இருக்கு" என்றாள். பேசாமல் போ என்றேன். தட்டிப் பார்த்தால் குடை! "மயிலு மேல் வரிசை ரெண்டாவது. மாம்பழம் அதுக்கு நேர் கீழ." அப்படியே இருந்தது. அதற்குமேல் பன்னிரண்டே தட்டில் ஆட்டம் முடிந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எப்படிடி தெரியும் என்று கேட்டேன். "நாப்பது பொம்பளைங்கள வச்சு நடவு ஓட்டுனவ நான். எந்த மூலையில எத்தனை முடி நாத்து கெடக்குன்னு தெரியாம நட முடியுமா?" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் வந்தாலே நான் கம்ப்யூட்டரைத் துண்டால் மூடிவிடுவேன்.

விசாரணை நாள் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல், "உங்க வயலுக்கு மேற்கே என்ன இருக்கு?" என்றார். மனக்கண்ணில் வயலைக் கொண்டுவரலாம் என்று கண்ணை மூடினேன். பதினாறு சீட்டும் வரிசையாக வந்து நின்றன. "மாம்பழம்" என்றேன். நீதிபதி நிமிர்ந்து, "மாந்தோப்பா?" என்றார். ஆமாங்க என்று தலையாட்டிவிட்டேன். டைப் அடித்துவிட்டார்கள். கிராமக் கணக்கு அடங்கலில் மாமரமே கிடையாதே என்று அந்த வக்கீல் ஒரு குதி குதித்தார். நாகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர்தான், என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இரண்டாம் சாட்சியாக, பேருக்கு இருக்கட்டும் என்று உன் அம்மாவைப் போட்டிருந்தோம். "ஏம்மா, அந்த வரப்பு எப்பவும் அங்கதான் இருந்துச்சா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இல்லீங்க. எழுபத்தேழு புயலுக்கு அடுத்த மாசம் எங்க மாமனார் ராத்திரியோட ராத்திரியா ஒரு மம்முட்டி அகலம் அவுங்க பக்கம் வெட்டித் தள்ளிட்டாரு" என்றாள். குஞ்சிதபாதம் எழுந்து நின்று கும்பிட்டான். அவள் நிறுத்தவில்லை. "மறு வருஷமே இவுங்க அப்பாரு வடக்கு வரப்ப அதே அளவு எங்க பக்கம் தள்ளுனாரு. அன்னிக்கு நான் அங்க களை பறிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். குஞ்சிதபாதம் உட்கார்ந்துவிட்டான்.

நீதிபதி, "இதை இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?" என்று கேட்டார்.

"இவரையே கேட்டுக்கிட்டு இருந்தீங்க, ஐயா."

கோர்ட்டே சிரித்தது. அங்கும் இங்கும் சரியாகப் போயிற்று, சமாதானமாகப் போங்கள் என்று நீதிபதி சொல்ல, நானும் குஞ்சிதபாதமும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம். பன்னிரண்டு வருஷமாக வெவ்வேறு பஸ்ஸில் போய் வந்தவர்கள், அன்று ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊர் வந்தோம். "எங்க அப்பா பண்ணுனது எனக்குச் சத்தியமா தெரியாதுண்ணே" என்றான். எனக்கும் தெரியாதுதான். மனது லேசாகத்தான் இருந்தது.

ஆனால் ஊரில் என்னை இப்போது 'மாந்தோப்பு மிராசு' என்று கூப்பிடுகிறார்கள். டீக்கடையில் மரம் காய்ப்புக்கு வந்துவிட்டதா என்று விசாரிக்கிறார்கள். எல்லாம் அந்தச் சீட்டால் வந்தது. ஆகவே கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போ. இனி வழக்கும் இல்லை, விளையாட்டும் இல்லை, இந்த வீட்டில் நிம்மதி ஒன்றுதான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். உங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் வராமல், எடுத்த காரியமெல்லாம் ஜெயமாக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சி. தங்கையன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது குஞ்சிதபாதமும் அவன் மனைவி காளியம்மாளும் வந்தார்கள். வடக்கு வரப்பு தள்ளியது புயலுக்கு மறு வருஷம் இல்லை, அதற்கும் அடுத்த வருஷம், அதுவும் பாதி மம்முட்டிதான் என்கிறாள் காளியம்மாள். யாருக்கு ஞாபகம் சரி என்று பெரிய வாக்குவாதம். கோர்ட் வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடுவோம் என்று இரண்டு பெண்களும் முடிவு செய்துவிட்டார்கள். இதுவரை ஆளுக்கு நாலு ஆட்டம் ஜெயித்திருக்கிறார்கள். எனவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, முப்பத்தாறு சீட்டு உள்ளது இருந்தால் உடனே கொண்டு வா. மௌஸைப் பிடிக்க மட்டும் எனக்கும் குஞ்சிதபாதத்துக்கும் அனுமதி உண்டு. வாயைத் திறக்கக் கூடாதாம்.