பஸ்ஸில் கொட்டிய பூஞ்சாணம்

வேளாண்மை படித்துவிட்டு வந்த புதிதில் யாராலும் சும்மா இருக்க முடியாது. கண்ணில் படுகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்தாக வேண்டும். எனக்கு அந்த வாய்ப்பு ஓடும் பஸ்ஸில் கிடைத்தது.

திருமங்கலம் பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் வேரழுகல் நோய். செடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா வெறுத்துப்போனார். "ஒரே ஒரு தடவ நீ சொல்றதக் கேக்குறேன். சரிப்படலேன்னா அம்புட்டையும் பிடுங்கிட்டுப் பருத்தியப் போட்ருவேன்."

நான் சொன்னது டிரைக்கோடெர்மா. வேரை அழுகவைக்கும் பூஞ்சாணத்தைத் தின்றே வளரும் நல்ல பூஞ்சாணம், பவுடராகக் கிடைக்கும். சிம்மக்கல்லில் ஒரு பை வாங்கி, பஸ் ஏறி, தலைக்கு மேலிருந்த கம்பித் தட்டில் வைத்தேன். (மடியில் வைத்தால் சுடிதார் அழுக்காகிவிடுமாம். புதுசு!)

பசுமலையில் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். பை கிழிந்து விழுந்தது. என் முன்னால், காதுகுத்துக்குப் போவதற்காக மீசைக்கு மை பூசி வந்திருந்த ஒரு அண்ணன், தலையோடு கொட்டிய வெள்ளைப் பவுடரில் அரை நொடியில் கிழவராகிவிட்டார்.

"ஏத்தா, என்ன மருந்தக் கொட்டுன?" என்று அலறினார்.

"பயப்படாதீங்கண்ணே, மருந்தே இல்ல. உயிருள்ள பூஞ்சாணம்!"

(உயிருள்ளது என்றால் ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன்.)

"உயிரோடயா?" என்று பக்கத்து சீட்டு அக்கா துள்ளி எழுந்தார். பின்னாலேயே பஸ் முழுக்க எழுந்தது. கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்திவிட்டார்.

தும்மிக்கொண்டே பாடத்தை ஆரம்பித்தேன். இது மனுஷரை ஒன்றும் செய்யாது, கெட்ட பூஞ்சாணத்தைத்தான் தின்னும் என்றேன்.

"அப்ப என் தலையில உக்காந்து என்னத்தத் திங்கும்?" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு வேரழுகல் இருந்தாத்தாண்ணே திங்கும்."

பஸ்ஸே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டார். பைக்குள் மிஞ்சியது பாதிதான். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சுடிதார் எக்கேடு கெட்டுப் போகட்டும்.

திருமங்கலத்தில் காத்திருந்த அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மருந்துக் கடைக்குப் போனியா, மாவு மில்லுக்குப் போனியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பாதியை மட்கிய தொழுஉரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருந்து, செடிகளின் தூரில் போட்டேன். ஏற்கெனவே காய்ந்தவை போனவைதான். ஆனால் நோய் அடுத்த வரிசைக்குத் தாவவில்லை. வாடி நின்ற செடிகளில் துளிர் வந்த காலையில், அப்பா வரப்போடு நடந்து ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தார். பருத்திப் பேச்சை அதன்பின் எடுக்கவே இல்லை.

பஸ் கதையைத்தான் விடாமல் எடுக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். முதலில் ஒருவர் மேல் கொட்டிய பவுடர், இப்போது அவர் கதையில் டிரைவர் வரைக்கும் போய்விட்டது. அப்பா அந்த பஸ்ஸிலேயே இல்லை. இருந்தும் நான் திருத்துவதில்லை. ஏனென்றால் தோட்டத்தைக் காட்டி அவர் இப்படித்தான் முடிப்பார்:

"இம்புட்டுப் பூவும் எம் மக கொட்டுனது போக மிச்சத்துல வந்தது. முழுசாக் கொண்டாந்திருந்தா என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாருங்க!"