நாலாவது வக்கிரசேனன்

செத்த வீட்டில் அழுகை வராமல் முழித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அழுகிற மாதிரி நடித்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் பிரேதப் பெட்டிக்கு முன்னால், ஊர்ச்சனம் முழுக்கக் கூடியிருக்க, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தவன் எனக்குத் தெரிய ஒருத்தன்தான். அது நான்தான்.

அதுவும் ஒரு சிரிப்போடு விடவில்லை. வகை வகையாகச் சிரித்துக் காட்டினேன். (ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். புத்தி இருந்தால்தானே!)

எழுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்துக்கு அடுத்த தீவில், ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் புது வாத்தியார். சொந்த ஊர் சரவணை. சனிக்கிழமையானால் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்ப் படம் பார்ப்பேன். திங்கட்கிழமை தேத்தண்ணிக் கடையில் அதை அலசிக் காயப்போடுவேன். மற்றவர்கள் கதாநாயகனைப் பற்றி அடிபடுவார்கள். நான் வில்லன் கட்சி. அதிலும் வக்கிரசேனன் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

வக்கிரசேனன் ஒரு சேனாதிபதி. நல்ல ராசாவைப் பாதாளச் சிறையில் போட்டுவிட்டு, முடியைத் தன் தலையில் தானே வைத்துக்கொள்ளுகிற பாதகன். அந்தக் கதை முதலில் கறுப்பு வெள்ளைப் படமாக வந்தது. கனகாலம் கழித்துக் கலரில், வேறொரு நடிகரைப் போட்டுத் திரும்ப எடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் அதை நாடகமாக்கி, மாதா கோயில் பெருநாளுக்கு வருசா வருசம் மேடையேற்றி வந்தார்கள். அதில் வக்கிரசேனன், கடற்தொழில் செய்யும் சவிரிமுத்து அண்ணை.

கறுப்பு வெள்ளைக்காரர் முழிக்கண்ணர். முடியைத் தூக்கும்போது சிரிப்பார், வைக்கும்போது சிரிப்பார், வைத்த பிறகும் சிரிப்பார். கொலை செய்ய அவருக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்பதே எனக்கு விளங்காத விசயம். கலர்காரர் அதற்கு நேர்மாறு. வெல்வெட் சட்டை, விரலில் மோதிரம், உதட்டோரத்தில் ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். (என் பத்தாம் வகுப்புப் பெட்டைகள் அவருக்குக் கழுத்தை நீட்டவும் தயாராக இருந்தார்கள்.) சவிரிமுத்து அண்ணை முடியை மெதுவாக வைப்பார். வைத்ததும் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்ப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகுதான் சிரிப்பார். களவெடுத்த ராசாக் கதிரையில் இருக்கிறவனுக்கு முதுகு கூசுமென்பதை அந்த இரண்டு நடிகர்களும் யோசிக்கவில்லை, எங்கள் ஆள் யோசித்திருக்கிறார் என்று கடை கடையாகச் சொல்லித் திரிந்தேன். கடற்கரையில் அவருக்கு முன்னாலேயே அதை நடித்தும் காட்டுவேன்.

மேடையை விட்டு இறங்கினால் அந்த மனிசன் நாயைக்கூட 'அடீக்' என்று அதட்டமாட்டார். ஆனாலும் என்ன பயன்? ஊரில் அவருக்குச் சவிரிமுத்து என்று ஒரு பெயர் இருந்ததே ஆட்களுக்கு மறந்துபோயிற்று. “வக்கிரசேனன் அண்ணை, இண்டைக்கு மீன் பட்டதோ?” என்பார்கள். “சாப்பிடடா, இல்லாட்டி வக்கிரசேனனிட்டைப் பிடிச்சுக் குடுத்திடுவன்” என்று தாய்மார் பிள்ளைகளுக்குச் சோறு தீத்துவார்கள். அவருக்கும் பெண்சாதி திரேசம்மா அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. மடிக்குள் எள்ளுருண்டையை வைத்துக்கொண்டு ஒழுங்கையில் போகிற பிள்ளைகளை “வா மோனை, வா” என்று கூப்பிடுவார். அதுகள் வேலி பாய்ந்து ஓடும்.

“என்ன செய்யிறது மாஸ்ரர். கொஞ்சம் நல்லாய்ச் செய்துபோட்டன் போலை” என்று என்னிடம் ஒருமுறை சிரித்தார். சிரித்துவிட்டு எள்ளுருண்டையை என் கையில் தந்தார். அதைத் தின்ன எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் வள்ளத்தால் இறங்கி வலையை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே சரிந்துவிட்டார். சாகிற வயதில்லை.

எங்கள் பக்கம் பிரேதம் எடுக்கமுதல் முற்றத்தில் இரங்கல் உரை இருக்கும். சொந்தத்தில் ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர், அலுவலுக்குச் சம்பந்தப்பட்ட ஒருவர் என்று பேசுவார்கள். நாடக அலுவலுக்கு என்னைக் கேட்டார்கள். நானும் தலை கால் தெரியாமல் ஓமென்றேன். வெள்ளைச் சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு போய் நிற்க, திரேசம்மா அக்கா என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டா. அதுவரைக்கும் அவ அழவில்லை. கண் காய்ந்துபோய் இருந்தது.

“தம்பி, நீரும் பேசப்போறீராம்.”

“ஓம் அக்கா.”

“ஒண்டு கேக்கிறன், செய்வீரோ? நான் இவற்றை பேரை வாயாலை சொன்னதில்லை. புருசன்ரை பேரைச் சொல்லுற வழக்கம் எங்களுக்கில்லையெல்லோ. ‘இஞ்சாருங்கோ’ எண்டுதான் கூப்பிட்டனான். மாமி போனாப் பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு சீவன் இல்லாமல் போச்சு. ஊருக்கெல்லாம் அந்தப் பாழ்பட்ட பேர்தான். இண்டைக்கு ஒரு நாளெண்டாலும் அவற்றை சொந்தப் பேரைச் சொல்லி அனுப்பிவிடும் தம்பி. மற்றப் பேரோடை அந்த மனிசன் மண்ணுக்குள்ளை போகக்கூடாது.”

“சத்தியமாய் அக்கா. மற்றப் பேர் என்ரை வாயிலை வராது” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு முன்னால் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் பேசினார். வாழ்க்கையைக் கடலென்றார், கடலை வாழ்க்கையென்றார், சனம் கொட்டாவி விட்டது. பிறகு நான் எழும்பினேன். பெட்டி எனக்குப் பின்னால் இருந்தது. “எங்கள் சவிரிமுத்து அண்ணை” என்று தொடங்கினேன். சவிரிமுத்து அண்ணை பண்பாளர், சவிரிமுத்து அண்ணை உழைப்பாளி. திரேசம்மா அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தா. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தேனென்றால் இன்றைக்கு நான் ஒரு மதிப்பான ஓய்வுபெற்ற ஆசிரியர்.

அப்போது பின்னாலிருந்து ஒரு வயதுபோனவர் பக்கத்து ஆளைக் கேட்டார். காது மந்தமானவர், ஆனபடியால் சத்தமாகவே கேட்டார். “ஆரடா உந்தச் சவிரிமுத்து? மாஸ்ரர் வீடு மாறி வந்திட்டாரோ?”

சனம் கிசுகிசுத்தது. எனக்கு விசர் பிடித்தது. செத்த மனிசனை அவருடைய முற்றத்திலேயே தெரியாதாம்! இவர் யாரென்று உங்களுக்குக் காட்டுகிறேன் பாருங்கள் என்று எனக்குள் ஒரு வேகம். “அந்த வேடத்தைப் பட்டணத்துப் படங்களில் இரண்டு பேர் செய்தார்கள்” என்று எடுத்தேன். பெயரைச் சொல்லவில்லை, கவனியுங்கள். வாக்குக் காப்பாற்றுகிறேனாம்! “முதலாமவர் இப்படிச் சிரிப்பார்” என்று சொல்லிக் கறுப்பு வெள்ளைச் சிரிப்பை எடுத்துவிட்டேன். முற்றத்து நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. “இரண்டாமவர் இப்படி” என்று உதட்டைச் சுழித்தேன். எதிரில் இருந்தவர் பங்குச் சுவாமி. அவர் தனக்குத்தான் நெளிப்புக் காட்டுகிறேனென்று நினைத்துச் செபப் புத்தகத்தை மூடினார்.

“ஆனால் எங்கள் சவிரிமுத்து அண்ணை திரும்பிப் பார்த்தாரே ஒரு பார்வை! அந்தப் பயம்! அது எந்த நடிகனுக்கு வந்தது?”

“தம்பி,” என்று அந்தோனி அண்ணை எழும்பினார். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிறவர் அவர். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, வலு பணிவாகச் சொன்னார். “அது பயமில்லை. அந்த இடத்திலை அவனுக்கு வசனம் மறந்துபோடும். என்னைத்தான் பாக்கிறவன்.”

கிழிந்தது போ! பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. “இல்லை!” என்று கத்தினேன். “நான் செய்து காட்டுகிறேன்!” இல்லாத முடியை எடுத்துத் தலையில் வைத்தேன். திடுக்கிட்டுப் பின்னால் திரும்பினேன்.

பெட்டிக்குள் சவிரிமுத்து அண்ணை கிடந்தார். கையில் செபமாலை.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் மட்டும் அவர் செத்ததை நான் மறந்துபோயிருந்தேன். கடற்கரையில் அவருக்கு முன்னால் நடித்துக் காட்டி, “எப்பிடி அண்ணை?” என்று கேட்பேனே, அந்த நினைப்பில்தான் நின்றேன். சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது, நிறுத்த ஏலவில்லை. வெளியில் வரும்போது பாதி சிரிப்பு, பாதி ஊளை. அப்படி ஒரு சத்தம் என்னிடமிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மதிலில் இருந்த பிள்ளைகள் “வக்கிரசேனன்! வக்கிரசேனன்!” என்று கூக்குரலிட்டார்கள். அதோடு அணை உடைந்தது. பெரிய ஆட்கள் சிரித்தார்கள், சிரித்தபடியே அழுதார்கள், “ஐயோ என்ரை வக்கிரசேனன் அண்ணை” என்று பெண்கள் மாரடித்தார்கள். சேமக்காலைக் குழிவரை அந்தப் பெயர்தான் கூட வந்தது. திரேசம்மா அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. நான் எல்லாருக்கும் பின்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அவ ஒரு சொல் கேட்டா. ஒரே ஒரு சொல். அதைக் கெடுத்துவிட்டேன் என்று இரவில் நித்திரை வரவில்லை. அவ வீட்டு ஒழுங்கையாலே போகாமல் சுற்றுப்பாதையால் பள்ளிக்கூடம் போனேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்குத் திரேசம்மா அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டா. போகாமல் இருக்க ஏலாது. பயந்து பயந்து படலையைத் திறக்க, முற்றத்தில் விளையாடிய ஓர் அயல்வீட்டுப் பொடியன் என்னைக் கண்டான்.

“அம்மா, வக்கிரசேனன் வாறான்!” என்று கத்திக்கொண்டு ஓடினான்.

அது எனக்குப் புதிதல்ல. அந்த ஒரு மாதமாகப் பஸ் கொண்டக்டர், கடைக்காரர், என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் வக்கிரசேனன்தான். தீவு முழுக்க அந்தக் கதை போய்விட்டது. அனலைதீவிலிருந்து வள்ளத்தில் வந்தவர்கள்கூட என்னைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

திரேசம்மா அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தா. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

“இரும் தம்பி,” என்றா. “நேற்றுச் சந்தையிலை ஒரு மனிசி என்னை மறிச்சுக் கேட்டது. ‘வக்கிரசேனன் மாஸ்ரர் சிரிச்சாரே, அந்தச் சவிரிமுத்தற்றை பெண்சாதி நீதானோ’ எண்டு.”

சொல்லிவிட்டு அவ வாயைப் பொத்திக்கொண்டா.

“சொல்லிப்போட்டன்,” என்றா. “அவற்றை பேரைச் சொல்லிப்போட்டன், தம்பி.” அப்படியே நிலத்தில் குந்தி அழத் தொடங்கினா. அந்த மனிசன் போனதற்கு அவ அழுததை அன்றைக்குத்தான் நான் கண்டேன். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன்.

பிறகு யோசித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சிரித்தவன் ஒருத்தன், பெட்டிக்குள் கிடந்தவர் ஒருத்தர். இரண்டு பேருக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்ல ஏலாது. அதனால் சனம் எங்கேயோ தேடி, அவருடைய பெயரை அவருக்கே எடுத்துக் கொடுத்தது.

எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது, பெண் பகுதியார் “மாப்பிள்ளை செத்த வீட்டில் சிரிக்கிறவராமே” என்று விசாரித்தார்கள். அந்தப் பெண்தான் என் மனைவி. இன்றைக்கும் மரணச் செய்தி வந்தால், “நீங்கள் வாசலோடை நில்லுங்கோ, வாய் திறக்கப்படாது” என்று சொல்லித்தான் கூட்டிப்போவா. பேரப்பிள்ளைகளுக்கு நான் வக்கிரசேனன் தாத்தா. ஓய்வு பெற்ற மனிசனைச் சும்மா விடுங்கள் என்று மகள் அவர்களை அதட்டுவாள்.

நான்தான் அவளைத் தடுப்பேன். யார் எங்கே நின்று “வக்கிரசேனன்” என்று கூப்பிட்டாலும் நான் உடனே ஓமென்று விடுவேன். நான் வாய் திறக்காமல் நின்றால், அந்தப் பெயர் திரும்பவும் அந்த மனிசனைத் தேடிப் போய்விடும்.