நனைந்த பிளக்

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல வருமா உனக்கு?"

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி அவளிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். அவள் பலமாகத் தலையை ஆட்டினாள். உண்மையில் அவளுக்கு வந்ததே அந்தத் தலையாட்டல் ஒன்றுதான்.

துணிக்கடையிலும் தலையாட்டினாள், வேலை போனது. மருந்துக்கடையிலும் தலையாட்டினாள், அங்கே ஒரே நாளில் போனது. இந்த ஸ்பேனர் கடையும் போனால் வீட்டில் அண்ணி ஒன்றும் சொல்லமாட்டாள். சிரிப்பாள். அதுதான் தாங்காது.

போன வாரம் ஒருவருக்குத் தப்பான ஸ்பேனரைக் கொடுத்தனுப்பியதற்கு முதலாளி எச்சரித்திருந்தார். "இன்னொரு தடவை தப்பான சாமான் வெளியே போச்சு, நீயும் அதுகூடவே போயிடு."

இப்போது கடை வாசலில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. கூரை இல்லை. இரண்டு பேருக்கு மேல் உட்கார இடமில்லை. அதை ஓட்டி வந்தவர் போலவே தோன்றாத, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் வியர்த்து வழியக் கடைக்குள் நுழைந்தார்.

"வண்டியில ஸ்பார்க் பிளக் கழட்டணும். என்ன வேணுமோ எடு."

"எந்த சைஸ் சார்?"

"பிளக் சைஸ்."

"இல்ல சார்... வண்டி எந்த மாடல்?"

"பார்த்தாத் தெரியல? பழசு."

முதலாளி உள்ளே தொலைபேசியில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்கலாம். கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பார். அவள் அலமாரியில் கைக்கு முதலில் அகப்பட்ட, பிளக்கைக் கவ்வித் திருகும் குழல் சாக்கெட்டை எடுத்தாள்.

எண்ணெய் பட்ட சாமானை அந்தக் கடையில் திரும்ப வாங்கமாட்டார்கள். அதனால் வண்டி வாசலிலேயே நின்றால், கடை ஆள் கூடவே போய் மாட்டிக் காட்டிவிட்டுத்தான் விற்க வேண்டும். அதைச் சுழற்றும் ராட்செட் கைப்பிடியையும் நீளக் கம்பியையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.

"சீக்கிரம்மா," என்றார் அவர், பக்கத்து மாடிப்படியைப் பார்த்தபடி. மாடியில் பல் மருத்துவமனை. "சம்சாரம் மேல இருக்கா. அவ இறங்கறதுக்குள்ள வண்டி கிளம்பணும். இருமி இருமி நின்னுடுது. பெட்ரோல்ல பிளக் நனைஞ்சிருக்கும். துடைச்சு மாட்டினாப் போதும்."

"அம்மா கோவிச்சுப்பாங்களா சார்?"

"அவளுக்கு இந்த வண்டின்னா உயிர். நான் தொட்டேன்னு தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவா."

அவளுக்கு அவர்மேல் சட்டென்று பாசம் வந்துவிட்டது. அண்ணியிடம் அண்ணன் படும் பாட்டை அவள் தினமும் பார்க்கிறாள். பாவம், பெரிய மனிதர்கள் வீட்டிலும் இதே கதைதான்.

"பானெட்டைத் திறங்க சார்."

அவர் ஒரு குமிழை இழுத்தார். வைப்பர் ஆடியது. இன்னொன்றை அமுக்கினார். ஹாரன் அலறியது. இருவரும் ஒன்றாக மாடியைப் பார்த்தார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"எப்பவும் அவதான் ஓட்டுவா," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு.

ஒருவழியாகப் பானெட் திறந்தது. நான்கு பிளக்குகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கறுப்பு ஒயர். இடைஞ்சலாக இருக்குமே என்று நான்கு ஒயரையும் ஒரே மூச்சில் பிடுங்கி ஒரு பக்கமாக ஒதுக்கினாள். எது எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

சாக்கெட்டை வைத்தாள். பிளக்கின் இடுப்பு பெரிது, சாக்கெட்டின் வாய் சிறிது. உட்காரவே இல்லை.

"என்னம்மா?"

"இது புது வண்டி சைஸ் சார். இதோ வர்றேன்."

ஓடினாள். அடுத்த அளவு எது என்று தெரியவில்லை. பெரிதாக இருந்தால் எப்படியும் உள்ளே போகும் என்று பெரிதாகவே எடுத்து வந்தாள். போனது. கொஞ்சம் லொடலொடவென்று ஆடியது.

"ஆடுதே?"

"கொஞ்சம் ஆடினாத்தான் சார் சுத்த வரும்."

அவர் கம்பியைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். சாக்கெட் வழுக்கிச் சாய்ந்தது. 'டிக்' என்றது. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடைந்து இரண்டாக நின்றது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு மாடியைப் பார்த்தார்கள்.

"புது பிளக் இருக்கு சார்," என்றாள் அவள். சொல்லிக்கொண்டே ஓடினாள்.

மூன்றாவது ஓட்டத்தில் நடு அளவு கிடைத்தது. அச்சாகப் பொருந்தியது. உள்ளே ரப்பர் வைத்த சாக்கெட், பிளக்கைக் கவ்விப் பிடித்துப் பதமாகத் தூக்கியது. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தார்கள். உடைந்ததற்குப் பதில் புதியதை வைத்தார்கள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலை சரியாக நடந்துகொண்டிருந்தது.

கடைசி பிளக்கைத் திருப்பி முறுக்கிவிட்டுக் கம்பியை இழுத்தாள். கம்பி மட்டும் வந்தது. ரப்பர் கவ்விய கவ்வில் சாக்கெட் பிளக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. குழாய்களுக்கு நடுவே, விரலால் பிடித்து இழுக்க இடமில்லாத இடுக்கில்.

"எடும்மா! எடு!"

"காந்தக் குச்சி இருக்கு சார்."

காந்தக் குச்சியை உள்ளே விட்டாள். அது சாக்கெட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழியிலேயே இரும்பு எஞ்சினைக் கட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தாள். எஞ்சினை விட்டது, குழாயைக் கட்டிக்கொண்டது.

"யாரைக் கேட்டும்மா உன்னை வேலைக்கு வெச்சாங்க?"

"என்னைத்தான் சார் கேட்டாங்க."

நீள மூக்குக் குறடைக் கொண்டுவந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க, சாக்கெட் திடீரென்று வந்தது. அவர் முழங்கை, பின்னால் நின்ற அவள் தோளில் இடித்தது. யாரும் கத்தவில்லை. கத்தினால் மாடியில் கேட்டுவிடும்.

"ஒயரை மாட்டு. சீக்கிரம்."

நான்கு ஒயர். நான்கு பிளக். ஒயர்களை அள்ளிப் பிடித்தாள்.

"எது எதுக்கு?" என்றார் அவர்.

இதோ, சொல்ல வேண்டிய நேரம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். தலை தானாக ஆடியது.

எட்டுகிற ஒயரை எட்டுகிற பிளக்கில் மாட்டினாள்.

அவர் உள்ளே தாவி உட்கார்ந்து சாவியைத் திருகினார். எஞ்சின் ஒருமுறை முக்கியது. பிறகு தெருவே அதிரும்படி ஒரு வெடி வெடித்தது. எதிர்க்கடைப் பலகையிலிருந்த புறாக்கள் மொத்தமும் பறந்தன. வண்டியின் வால்பக்கம் ஒரு கறுப்புப் புகை எழுந்து மெதுவாகக் கடைக்குள் போனது.

புகையைக் கையால் விலக்கிக்கொண்டு முதலாளி வெளியே வந்தார். உடைந்த பீங்கானைப் பார்த்தார். தரையில் பரப்பிக் கிடந்த சாக்கெட், கம்பி, குறடு எல்லாவற்றையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் எண்ணெய். கடைசியாகத் தாறுமாறாக மாட்டியிருந்த ஒயர்களைப் பார்த்தார்.

"பாதிக் கடையை வெளியே கொண்டுவந்து கொட்டிட்டியே, மகராசி! ஒயரை இப்படி மாத்தி மாட்டினா வண்டி இன்னிக்கு என்ன, எந்த ஜென்மத்துலயும் கிளம்பாது. உன்னால முடிஞ்சது இவ்வளவுதான். நாளையிலேர்ந்து..."

மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது.

ஓர் அம்மாள் இறங்கி வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. கழுத்தில் மருத்துவமனையின் துண்டு அப்படியே தொங்கியது. திறந்திருந்த பானெட்டைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

கறுப்புக் கண்ணாடிக்காரர் வண்டியிலிருந்து இறங்கினார். முகத்தில் ரத்தமே இல்லை.

வேலை போய்விட்டது. இனிப் பயந்து என்ன ஆகப்போகிறது? அவள் ஓரடி முன்னால் வந்தாள். இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து அவள் பேசாத அத்தனை பேச்சும் சேர்ந்து வந்தது.

"அம்மா, சாரை ஒண்ணும் சொல்லாதீங்க. அவர்மேல தப்பே இல்ல. நீங்க வர்றதுக்குள்ள வண்டியைக் கிளப்பிடணும்னுதான் உசிரை விட்டுப் பாடுபட்டாரு. எல்லாத்தையும் கெடுத்தது நான். எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. வீட்டுக்குப் போய்ச் சாரைத் திட்டாதீங்க."

அம்மாள் அவளைப் பார்த்தார். கண்ணாடிக்காரரைப் பார்த்தார். வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். மரத்துப்போன வாயால் நிதானமாகப் பேசினார்.

"பல்வலியில சாவியை வண்டியிலேயே விட்டுட்டேன்னு ஞாபகம் வந்து, பாதி வைத்தியத்துல எந்திரிச்சு ஓடி வர்றேன். அது கிடக்கட்டும்... யாரும்மா இந்த ஆளு?"

முதலாளி, தான் ஆரம்பித்திருந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கினார்.

கண்ணாடிக்காரர் பிளக் துடைத்த துணியை எடுத்து விரல் விரலாகக் கையைத் துடைத்தார். துணியை மடித்து அவள் கையில் வைத்தார். பிறகு தெருவோடு நடந்து, முனையில் திரும்பிப் போய்விட்டார்.