துருப்பிடிச்சானை உலையில் போட வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய ‘பத்தாவது கோள்’ வார இதழின் ஆசிரியர் அவர்களுக்கு, இரண்டாம் மாடி லிஃப்ட்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். எங்கள் கட்டடத்து லிஃப்ட்தான் நலமில்லை. அவ்விடம் தாங்களும், தங்கள் ஓவியர்களும், வாராவாரம் வரும் ஐந்து தொடர்களில் உலவுகின்ற மனிதர்களும் மனிதரல்லாதவர்களும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அவர்களில் ஒருவர் மட்டும் அப்படி இருக்கப் போவதில்லை என்று சென்ற இதழின் பின்னட்டை சொல்கிறது. ‘உலைக்குள் துருப்பிடிச்சான்! அடுத்த வாரம் இறுதி அத்தியாயம்!’ என்று சிவப்பு எழுத்தில் முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

தங்களுக்கு என்னைத் தெரியும். தெரியும் என்பதுதான் தங்களுக்குத் தெரியாது. தங்கள் ‘எதிரொலி’ வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு வருடமாகத் துருப்பிடிச்சானைப் பாராட்டி எழுதிவரும் லிஃப்ட்காரர், கல்லூரி மாணவி, படுத்த படுக்கையான நோயாளி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஆகிய நால்வரும் ஒரே ஆள். அந்த ஆளிடம் ஒரு மூக்குக்கண்ணாடிதான் இருக்கிறது. கதவு எண்ணை மட்டும் 2-அ, 2-ஆ, 2-இ, 2-ஈ என்று மாற்றிப் போட்டேன். ஒரே மாடியில் எப்படி இத்தனை ரசிகர்கள் என்று தாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், முப்பத்தொரு வருடம் நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். படக்கதை படிக்கிற ஜாதியே இல்லை. தங்கள் இதழ் என் மகன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவன் பெயருக்கு வர ஆரம்பித்தது. அவன் படித்து முடித்து, கடல் தாண்டிப் போய், ஒரு குளிர் நாட்டில் ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலையில் உட்கார்ந்த பிறகும் என் மனைவி சந்தாவை நிறுத்தவில்லை. திரும்பி வந்தால் படிப்பான் என்று கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்தாள். அவள் போய் மூன்று வருடமாகிறது. இதழ் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் கதவிடுக்கில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் வாரத்தில் என் வீட்டுக்கு வருகிற ஒரே விருந்தாளி. ஒரு வெள்ளிக்கிழமை, சரி, இவ்வளவு தூரம் வந்ததை நிற்க வைத்தே அனுப்புவானேன் என்று பிரித்தேன்.

பிரித்த பக்கத்தில் துருப்பிடிச்சான் இருந்தான். நாற்பது தளம் உள்ள விண்கலம், அதில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற கிழட்டு இயந்திர மனிதன். “டேய், கையை எடு!” என்று கத்திவிட்டேன். மெயின் சுவிட்சை அணைக்காமல் லிஃப்ட் குழிக்குள் கையை விட்டிருந்தான்! எத்தனை பேர் அப்படிக் கையை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். உடனே தங்களுக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினேன். தாங்கள் அதைப் பிரசுரித்து, கீழே ‘ஐயா சொல்வது சரி’ என்று ஒரு வரியும் போட்டீர்கள். அடுத்த மாதமே துருப்பிடிச்சான் மெயினை அணைத்துவிட்டு, ‘வேலை நடக்கிறது’ என்று பலகையும் மாட்டினான். என் சொல்லைக் கேட்டு ஒருவர் நடந்துகொண்டது பல வருடத்தில் அதுதான் முதல் தடவை.

இதை மகனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் கூப்பிடுவான். அதுவரை எங்கள் பேச்சு எப்படி இருக்கும் என்று தங்களுக்கு எழுதிக் காட்டுகிறேன். “சாப்பிட்டீங்களாப்பா?” “சாப்பிட்டேன். நீ?” “சாப்பிட்டேன். உடம்பு?” “இருக்கு.” “அங்க மழையா?” “இல்ல.” “சரிப்பா, வெச்சிடட்டுமா?” நாற்பத்தெட்டு வினாடி. லிஃப்ட் கீழேயிருந்து பத்தாம் மாடி போய்த் திரும்புகிற நேரம். அவன் அம்மா இருந்தவரை ஒரு மணி நேரம் போகும், நான் பின்னாலிருந்து ‘ஸ்வெட்டர் இருக்கான்னு கேளு’ என்பதோடு சரி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை துருப்பிடிச்சான் பேச்சை எடுத்ததும் இருபத்தாறு நிமிடம் போனது. “அந்தக் கதையா! நானும் இங்க வரவழைச்சுப் படிக்கிறேன்பா. ஆனா இந்த லிஃப்ட் விஷயமெல்லாம் எனக்குப் புரியல, நீங்க முதல்லேருந்து சொல்லுங்க” என்றான். சொன்னேன். “ம்... அப்புறம்?” என்றான். அப்புறமும் சொன்னேன். ஆஸ்பத்திரி மெஷினையே பிரித்து மாட்டுகிறவனுக்கு ஒரு லிஃப்ட் கதவு புரியவில்லையே, அவன் அம்மா வழி மூளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வாராவாரம் புரியாமலே இருந்தான், நானும் வாராவாரம் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் தாங்கள் அந்த வாக்குச் சீட்டைக் கொண்டுவந்தீர்கள். ‘பிடித்த கதை, பிடிக்காத கதை’ என்று எழுதி வெட்டி அனுப்ப வேண்டும், மூன்று மாதம் கடைசியில் இருக்கிற தொடரை மூட்டை கட்டிவிடுவீர்கள். முதல் மாதமே துருப்பிடிச்சான் கடைசி. அவன் போனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி நாற்பத்தெட்டு வினாடி. அதனால்தான் ஐயா அந்த நாலு பேரையும் பெற்றெடுத்தேன். மாணவிக்கு இடது கையால் எழுதினேன். நோயாளிக்கு எழுத்து நடுங்க வேண்டுமே என்று படுத்துக்கொண்டு எழுதி, அப்படியே தூங்கிப்போய், தலையணை உறை முழுக்க நீலம். சீட்டு போதாமல் நூலகத்துக்குப் போய், அங்கிருந்த இதழில் பிளேடால் சீட்டை வெட்டும்போது நூலகத்து அம்மா கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். “இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார்?” என்றார். சீட்டுக்குப் பின்னால் இன்னொரு தொடரில் வரும் நிலவு நீதிபதியின் முகம் இருந்ததாம், பதினோரு மாதமாகத் தலைக்கவசம் கழற்றாத நீதிபதி அந்த வாரம்தான் கழற்றினாராம், அதைப் பார்க்க எத்தனையோ பேர் காத்திருந்தார்களாம். அன்றிலிருந்து நான் அவர் மேஜைக்கு எதிரே, கை தெரிகிற மாதிரிதான் உட்கார வேண்டும். ஒரு விதத்தில் அது நல்லதாகப் போயிற்று. போகும்போது வரும்போது அவர் ஒரு வார்த்தை பேசுகிறார்.

தபால்காரரும் சும்மா விடவில்லை. “என்ன சார், வீட்டுல இருக்கிறது நீங்க ஒருத்தர். தபால் மட்டும் கல்யாண வீட்டுலேருந்து போகிற மாதிரி போகுதே?” என்றார். சிரித்து மழுப்பிவிட்டு மேலே வந்தேன். படி ஏறும்போது அந்தச் சிரிப்பு தானாக நின்றுவிட்டது.

வினை எங்கே வந்ததென்றால், வேற்றுக்கிரகவாசிகளின் பல்லைப் பற்றியே எழுதுகிற அந்தப் பல் டாக்டர் இருக்கிறாரே, அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ‘இரண்டாம் மாடி ரசிகர்கள் நால்வருமே பாதுகாப்பு விதிகளை எண் போட்டு எழுதுவது ஏன்?’ என்று எதிரொலியில் கேட்டார். பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் அல்லவா, வேர்வரை போய்விட்டார். சந்தேகத்தைத் திசைதிருப்ப ஓர் எதிராளி வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. துருப்பிடிச்சானைத் திட்டி ஒருவன் எழுதினால், மாணவியும் வாத்தியாரும் அவனை மடக்கிவிடுவார்கள், கதையும் பிழைக்கும், என்னையும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பெயர் ‘கசப்பு மருந்து’. ஆமாம் ஐயா, அதுவும் நான்தான்.

மற்ற கடிதங்களுக்கெல்லாம் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வேன். கசப்பு மருந்து ஒரு டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டான். தாங்கள் பிரசுரித்தது நினைவிருக்கும்: ‘துருப்பிடிச்சான் வேலைக்காக வருவதில்லை, பேச ஆள் தேடி வருகிறான். ரிப்பேர் முடிந்த பிறகும் கதவோரம் நின்றுகொண்டு, வேறு ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்கிறான். யாருக்கும் எந்தச் சத்தமும் வரவில்லை. எல்லாம் நன்றாக ஓடுகிறது. அவன் இல்லாமலேயே ஓடுகிறது. இப்படிப்பட்டதை உலையில் போட்டு உருக்கினால் நாலு கரண்டியாவது தேறும்.’

நான் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. தாங்கள் அதை ‘வாரத்தின் சிறந்த கடிதம்’ என்று கட்டம் கட்டிப் போட்டீர்கள். அடுத்த வாரம் எதிரொலி இரண்டு பக்கமாகப் பெருகியது. பல் டாக்டர், ‘முதன்முறையாகப் பல்லை விட்டு வேறொன்றைப் பற்றி எழுதுகிறேன், கசப்பு மருந்து சொல்வது நூற்றுக்கு நூறு’ என்றார். ஸ்டேப்ளர் பின் கோணலாக இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் எழுதாத அந்த மனிதர்கூட உலைக்கு ஓட்டுப் போட்டார். என் மாணவி அழுதுகொண்டே பதில் எழுதினாள். நல்ல பெண், வாதாடத் தெரியாது. வாத்தியார் எண் போட்டு ஏழு காரணம் சொன்னார், ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. நான் பெற்ற ஐந்து பேரில் நாலு பேரை ஐந்தாமவன் அடித்துப்போட்டுவிட்டான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள், எனக்கு அதற்குப் பரிசும் கிடைத்தது. தாங்கள் அனுப்பிய ராக்கெட் பேட்ஜ் வந்து சேர்ந்தது. சட்டையில் குத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பிறகு கழற்றி டப்பாவில் போட்டேன்.

மகனிடம் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், யார் எழுதியது என்று சொல்லவில்லை. “அந்த ஆளுக்கு ஏம்பா அவ்வளவு கோபம்?” என்றான். “தனியா இருக்கிறவனா இருக்கும்” என்றேன். அன்றைக்குச் சீக்கிரமே போனை வைத்துவிட்டோம்.

ஆகவே ஐயா, கசப்பு மருந்து ஒரு வாசகரே அல்ல, அவர் ஓட்டு செல்லாது. அவர் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் போட்ட ஓட்டும் செல்லாது. துருப்பிடிச்சானை உலையில் போட வேண்டாம். கதையை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், ரிப்பேர் கிடங்குக்கு அனுப்பி ஒரு மூலையில் உட்கார வையுங்கள். மாதத்துக்கு ஒரு கட்டம் காட்டினால்கூடப் போதும், அதை வைத்து நான் நாலு ஞாயிற்றுக்கிழமையை ஓட்டிவிடுவேன். என் பொய்களுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். எழுதுகிறவருக்கும், வரைகிறவருக்கும், கோணல் பின் அடிக்கிறவருக்கும், தபால் பிரிக்கிறவருக்கும், வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில் என் ஆசிகள். தங்கள் வீட்டு லிஃப்ட் என்றைக்கும் தளத்துக்குச் சமமாக நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள (இன்றிலிருந்து),
இரண்டாம் மாடி லிஃப்ட்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆகிவிட்டது. போனை எடுத்ததுமே, “வெள்ளிக்கிழமை துருப்பிடிச்சானை உலைல போடறாங்கடா” என்றேன். “ஐயோ, எங்க போட்டிருக்கு?” என்றான். “பின்னட்டைல முழுப் பக்கமும் சிவப்பா இருக்கே, நீ பாக்கல?” மெதுவாக, “அப்பா, திட்டக் கூடாது. நான் அந்தப் புத்தகத்தைப் பாத்தே பதினஞ்சு வருஷம் ஆச்சு. எனக்கு இங்க வர்றதே இல்ல” என்றான். “பின்ன படிக்கிறேன், புரியலன்னியே?” “படிக்கலன்னு சொன்னா, பார்சல்ல அனுப்பறேன் படிச்சுக்கோன்னு வெச்சிடுவீங்க. புரியலன்னு சொன்னாத்தானே நீங்க பேசுவீங்க? அம்மா போனப்புறம் உங்க குரலை நான் முழுசா கேட்டதே இந்தக் கதைலதான்பா.”

“இனிமே எதைப் பத்திடா பேசறது?” என்றேன். “உலை எத்தனாவது தளத்துல இருக்கு?” என்றான். “நாப்பதுல.” “அதுவரைக்கும் லிஃப்ட்லதானே கூட்டிட்டுப் போவாங்க?” “ஆமா.” “அந்த லிஃப்ட் நடுவுல நிக்காதா?” யோசித்துப் பார்த்தேன். பராமரிப்பு ஒழுங்காக இல்லாத கலம்தான். “நிக்கும். ஏழாவது தளத்துல நிக்கும். கதவுப் பூட்டு தேஞ்சிருக்கு, நான் அப்பவே சொன்னேன்.” “ம்... அப்புறம்?” என்றான். ஐம்பத்தொரு நிமிடம் ஐயா.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். தாங்கள் தாராளமாகத் துருப்பிடிச்சானை உலையில் போடலாம், எங்கள் வீட்டில் அவன் ஏழாவது தளத்திலேயே நிற்கிறான். கசப்பு மருந்து என்பவரிடமிருந்து இனிக் கடிதம் வராது. அவருக்கு இப்போது கொஞ்சம் தேவலை.