கர்னலின் மீசை பற்றிச் சில சந்தேகங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி மேலே போகிறேன். இதைப் போனில் சொல்லாததற்குக் காரணம், நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் பேசுகிறாய், பக்கத்தில் அவள் இருப்பாள். படித்து முடித்ததும் இதைக் கிழித்துவிடு. விஷயம் அவளுடைய மீனைப் பற்றியது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எங்கள் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இப்போது நீந்துவது, நீ வெளிநாடு கிளம்பும்போது ஒப்படைத்துவிட்டுப் போன உங்கள் கர்னல் கெளுத்தி இல்லை. கர்னல் செத்துப்போய்விட்டார் என்றும், உன் அத்தான் எனக்குத் தெரியாமல் வேறொன்றை வாங்கி விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றும் சந்தேகப்படுகிறேன். அடுத்த மாதம் உன் மனைவி விடுமுறைக்கு வருவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தான் வளர்த்த மீன் என்று நினைத்து, ஏதோ ஒரு கடை மீனிடம் கொஞ்சிப் பேசுவாள். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்க என்னால் முடியாது.

நோய் வந்தது உண்மை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீ கொண்டுவந்து வைத்த சில வாரங்களிலேயே கர்னலின் மீசை குட்டையாகத் தொடங்கியது. கெளுத்திக்கு மூக்கு, விரல் எல்லாம் மீசைதான், அதை வைத்துத்தான் அடியில் தடவித் தடவி இரை தேடும். ஒரு பக்க மீசை பாதிக்கு மேல் தேய்ந்து அடியில் சிவந்திருந்தது, துடுப்பு ஓரத்தில் பஞ்சு ஒட்டினதுபோல் வெள்ளையாக ஏதோ இருந்தது, உடம்பு வெளிறி, ஒளிந்துகொள்ளத் தொட்டியில் போட்டிருந்த உடைந்த சட்டிக்குள்ளேயே கிடந்தார், வெளியே வந்தால் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டார். உன் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். விபத்தான கார்களைப் பார்த்து நஷ்டம் மதிப்பிடுவதுதானே அவருக்கு வேலை, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "முன்பக்கம் அடி. பழைய அடியா, புது அடியான்னு பார்க்கணும்" என்றார். "கார் இல்லைங்க, மீன்" என்றேன். "எதுவா இருந்தா என்ன, பொறுப்புல இருந்தவங்க உண்மையைச் சொல்லமாட்டாங்க" என்றார். யாரைச் சொன்னார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மீன் கடைக்காரர் ஒரு நீல மருந்தைக் கொடுத்து, "இதுல எல்லாம் போயிடும் மேடம்" என்றார். "எல்லாம்னா?" என்று கேட்டேன். "எல்லா வியாதியும்." எல்லா வியாதியையும் போக்கும் எதையும் நான் நம்புவதில்லை. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், செதில் இல்லாத மீனுக்குப் பாதி அளவு போதும் என்று சீசாவின் பின்புறம் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. திரும்பிப் போய்க் கேட்டேன். "அது கம்பெனிக்காரன் சும்மா போடுறது" என்றார். நான் பாதிதான் ஊற்றினேன். உப்பையும் அள்ளிப் போடச் சொன்னார், போடவில்லை, கெளுத்தியின் வெறும் தோல் அதைத் தாங்காது. மருந்தைவிடக் காரணம்தான் முக்கியம் என்று தொட்டியின் அடியைக் கிளறினால், நீ போட்டிருந்த சரளைக்கல் ஒவ்வொன்றும் கத்தி மாதிரி இருக்கிறது, இடுக்கெல்லாம் தின்னாத தீவனம் அழுகிக் கிடக்கிறது, மீசை தேயாமல் என்ன செய்யும் சொல்லு. கல்லை எல்லாம் அள்ளிவிட்டு மெல்லிய மணலை அலசிப் போட்டேன், குழாய் வைத்து அடி அழுக்கை உறிஞ்சினேன், தண்ணீரை மொத்தமாகக் கொட்டாமல் ஒரு பங்கு மட்டும் அவ்வப்போது மாற்றினேன், மருந்தை உறிஞ்சிவிடும் என்று, அது முடிகிறவரை வடிகட்டியில் இருந்த கரியை எடுத்து வைத்தேன், தீவனத்தைக் குறைத்தேன். செய்தேனே தவிர நம்பிக்கை இல்லை. தாவரவியல் படித்தவள் என்று பேர், என் கையில் மணிபிளான்ட்கூட நிற்பதில்லை, அது உனக்கே தெரியும்.

அதன் பிறகு ஆபீஸ் பயிற்சிக்கு வெளியூர் போய், சில வாரம் கழித்துத் திரும்பினேன். செருப்பைக் கழற்றுமுன் தொட்டியைத்தான் பார்த்தேன். மீசை இரண்டு பக்கமும் சமமாக, வாரிவிட்டதுபோல் இருக்கிறது. உடம்பு கரும்பழுப்பாக மின்னுகிறது. பட்டப்பகலில் சட்டியை விட்டு வெளியே வந்து உலாவுகிறது.

"இது யாருங்க?" என்றேன்.

"யாருன்னா? கர்னல்தான்."

"மீசை?"

"வளர்ந்திருக்கும்."

"வளர்ந்திருக்கா, வளர்ந்திருக்குமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "உனக்குத் தெரியாதா?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கவனி தம்பி. தப்பு செய்தவர்தான் கேள்வியைத் திருப்பிப் போடுவார். கல்யாணமான நாள் முதல் இந்த மனுஷர் ஒரு பொய்யையும் உருப்படியாகச் சொன்னதில்லை, பாதியிலேயே காது சிவந்துவிடும். இப்போது என்னடாவென்றால் தினமும் சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மீனைப் பார்க்கிறார், அப்புறம் என்னைப் பார்க்கிறார், மறுபடி மீனைப் பார்க்கிறார், காது மட்டும் சிவக்கவில்லை. அவருடைய கார் பின்சீட்டில் ஈரமான பிளாஸ்டிக் பை ஒன்று கிடந்தது, வாயில் ரப்பர் பேண்ட், கடையில் மீனைப் போட்டுக் கொடுப்பார்களே அதே மாதிரி. நேரே கடைக்குப் போனேன். "என் வீட்டுக்காரர் இங்கே கெளுத்தி வாங்கினாரா?" என்றேன். கடைக்காரர் தீவன டப்பாக்களை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டு, "வாங்கினாருன்னும் சொல்லமாட்டேன், வாங்கலைன்னும் சொல்லமாட்டேன். உங்க வீட்டு வம்புல கடையை இழுக்காதீங்க மேடம்" என்றார். வம்பு என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது?

செத்ததைச் செத்தது என்று சொல்வதில் என்ன கஷ்டம்? ஒரு உயிர் போன இடத்தில் அதே ஜாடையில் இன்னொன்றை வைத்து, ஒன்றும் நடக்காததுபோல் தீவனம் போடுகிற மனசு எப்படிப்பட்ட மனசு? நீயாக இருந்தால் இப்படிச் செய்வாயா? உனக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது, அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். அவள் விமானம் ஏறுவதற்கு முன்பே நீ பக்குவமாகச் சொல்லிவிடு. அத்தான் பேரை இழுக்காதே, அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொள். இரண்டு பேரும் ஒற்றுமையாய், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

என்றும் உன் நன்மையை நினைக்கும்
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உன் அத்தான் இதை முழுக்கப் படித்துவிட்டார். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "அப்போ நீ வாங்கலையா?" என்றார். நான் பழைய கல்லை நாற்றத்துக்காகத் துணி போட்டு மூடி வாளியில் வெளியே கொண்டுபோனதைப் பார்த்தவர், உள்ளே கர்னலின் பிரேதம் என்று முடிவு கட்டியிருக்கிறார். சட்டிக்குள்ளேயே கிடந்தது ஒருநாள் முழு மீசையோடு வெளியே வந்ததும், ஊருக்குப் போகுமுன் நான் புது மீனை விட்டுவிட்டுப் போனதாக நினைத்து, நான் மீன் வாங்கினேனா என்று கடையில் துப்புக் கேட்கச் சும்மா போக முடியாதே என்று தொட்டித் தண்ணீரைப் பையில் பிடித்துக்கொண்டு, சோதிக்க வந்தவர்போல் போயிருக்கிறார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?" என்றேன். "நீ உடைஞ்சு போயிடுவியோன்னு கேட்கலை" என்றார். சுத்தமான மணலில் தேய்ந்த மீசை மறுபடி முளைக்கும் என்று அதன் பிறகுதான் இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். நான் ஒரு ஜீவனைக் குணப்படுத்தியிருக்கலாம் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும், எனக்கும் சேர்த்துத்தான், தோன்றவில்லை. ஆகவே நீ விட்டுப்போன மீன் இதுதான், உயிரோடு, சௌக்கியமாக இருக்கிறது. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு.

ஆனால் உன் மனைவி இன்று மத்தியானம் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். "கர்னல் ஞாபகமாவே இருக்குக்கா" என்று, கல்யாணத்துக்கு முன் எடுத்த படம். உன் அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்து, "இது வேற வண்டி" என்றார். படத்தில் இருப்பதன் உடம்பெல்லாம் புள்ளி. எங்கள் தொட்டியில் இருப்பதற்கு, நீ கொண்டுவந்த நாளிலிருந்தே, கோடு. மீசை முளைக்கும், வெளிறிய நிறம் திரும்பும், ஒப்புக்கொள்கிறேன். புள்ளி கோடாகாது. அவள் முதலில் கிளம்பிப் போய், நீ வீட்டைக் காலி செய்யத் தனியாக இருந்தாயே, மீன் மாறியது அந்தச் சமயமாக இருக்கலாம் என்பது இவருடைய மதிப்பீடு. அவள் வருவதற்குள் எனக்குத் தனியாக எழுது. கர்னல் எப்போது செத்தார்?