அசையாத பாதி

கட்டில் மறுபடியும் அவரைக் கீழே உருட்டிவிட்டது.

அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர். இரவில் வேலை, பகலில் தூக்கம். மனைவி இறந்துபோனதிலிருந்து அந்தத் தூக்கமும் போனது. புரண்டு படுத்தால் தலைமாடு சரிகிறது. நேற்று ஓடும் இயந்திரத்தின் முன்னால் நின்றபடியே கண்ணசந்துவிட்டார்.

"இன்னொரு தடவை தூங்கினீங்கன்னா, அப்புறம் வீட்டுலயே தூங்கிக்கலாம்" என்றார் மேற்பார்வையாளர்.

வீட்டில்தானய்யா தூங்க முடியவில்லை என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

யோகா வகுப்புக்குப் போகும் மகள் வந்து பார்த்தாள். அவள் கழுத்தில் கறுப்பும் வெள்ளையும் பின்னிய சீன வட்டம் ஒன்று தொங்கியது.

"அப்பா, உங்களுக்கு யின் குறைஞ்சிருச்சு."

"எந்தக் கடையில கிடைக்கும்?"

"விளையாடாதீங்க. யாங்னா வெயில், சூடு, ஓட்டம். அது நீங்க. யின்னா நிழல், குளிர்ச்சி, அசையாம கிடக்கிறது."

"அது உங்கம்மா."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர் வேலை முடிந்து வரும்போதே மனைவி படுத்திருப்பாள். அவர் எழுந்த பிறகுதான் எழுவாள். பட்டப்பகலில். "மகாராணி எழுந்தாச்சா?" என்பார். "நீங்க எழுந்தாச்சா? அப்போ சரி" என்பாள்.

"அந்தப் பக்கம் காலியா இருக்குப்பா. குளிர்ச்சியா, கனமா ஏதாவது வைங்க."

"நீங்களே அம்மா இடத்துல படுக்கலாமே" என்றும் சொன்னாள். அவர் எழுந்து சமையலறைப் பக்கம் போனார்.

தண்ணீர் கேன்களை நிரப்பிப் படுக்க வைத்தார். கட்டில் அடங்கியது. கண் சொருகும் நேரத்தில் மூடி கழன்று மெத்தை முழுக்க நனைந்தது. மெத்தையைக் காயப்போட்டுவிட்டு, அச்சகத்துக் கழிவுத்தாள் கட்டுகளை வெறும் பலகையில் அடுக்கினார். கனம் போதவில்லை. இன்னும் அடுக்கினார். எல்லாம் சரிந்து அவர் மேலேயே விழுந்தன. கழுத்து பிடித்துக்கொண்டது.

"யாங் ரொம்ப அதிகமா இருக்கு" என்றாள் மகள், தைலம் தேய்த்தபடி.

கடைசியில் தெருமுனைத் தச்சரைக் கூப்பிட்டார்.

"இந்தப் பக்கத்தைப் பாருப்பா. அவ படுத்துப் படுத்தே தேஞ்சிருக்கும்."

தச்சர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் போய் அவருடைய தலைமாட்டுக் காலருகே குனிந்தார்.

"உங்க பக்கத்துக் கால்தான்ணே உடைஞ்சிருக்கு. பல வருஷமாச்சு."

"மாத்தியிருக்கலாமே?"

"அப்பவே வந்து பார்த்துட்டுக் கேட்டேனே. 'பிரிச்சுப் போட்டா மிஷின்ல கை வைக்கிற மனுஷனுக்கு ரெண்டு நாள் தூக்கம் கெடும், எதிர்ப்பக்கம் கனத்துக்கு நான் படுத்துக்கிறேன்'னாங்க அண்ணி. அவங்களுக்குத்தான் பகல்ல தூக்கமே வராதாமே."